கோம்பையில் ஐந்து புள்ளிகள்: ஒரு வாக்கத்திக்கு அமிலம் வைக்கப் போன பயணம்

எண்பது வயதில் பட்டியல் போடாமல் எழுத உட்கார்ந்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறேன். அதனால் முதலில் பட்டியல்.

1. எப்போது, எதற்காகப் போனேன்.
2. மதுரையிலிருந்து கோம்பை வரை: வண்டி, நேரம், கட்டணம்.
3. பெட்டியில் கொண்டுபோனவையும் அங்கேயே கிடைத்தவையும்.
4. ஒரு வாக்கத்தியில் அழிந்திருந்த ஐந்து புள்ளிகளை அமிலம் வைத்து எழுப்பியது.
5. போகிறவர்களுக்கும் செய்துபார்க்கிறவர்களுக்கும் சில யோசனைகள்.

கம்பம் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் நண்பர்கள் சிலர் கோம்பையில் இறங்கினால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். இந்த வலைப்பூவில் கத்திக்கு அமிலம் வைப்பது பற்றி நான் எழுதும் குறிப்புகளைப் படிக்கும் வேறு சிலர், தேய்த்து அழித்த முத்திரையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்கிறார்கள். என் ஒரே ஒரு பயணம் இரண்டுக்கும் பதில் சொல்லும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

1978, மார்கழி. மதுரையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். உடைந்த ஹாக்சா பிளேடுகளைத் தேய்த்துச் சிறு கத்திகள் செய்வது என் பொழுதுபோக்கு. கத்தியின் மேல் மெழுகு உருக்கிப் பூசி, ஊசியால் பெயரைக் கீறி, வினிகரும் உப்பும் கலந்து ஊற்றி வைத்தால், மறுநாள் பெயர் மட்டும் இரும்பில் அரித்து நிற்கும். மெழுகில்லாமல் எலுமிச்சைச் சாற்றில் அரைமணி நேரம் போட்டால் சாம்பல் நிறம் ஏறும். புளிக்கரைசலில் இன்னும் கொஞ்சம் கறுக்கும். துணிச்சல் தேவைப்படாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

ஆய்வக அட்டெண்டர் தங்கராசுவுக்குச் சொந்த ஊர் கோம்பை. ஒரு நாள் மதியம் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“சார், இரும்புல இருந்த அடையாளத்த வீல்ல வச்சுத் தேச்சுட்டா, அது போனது போனதுதானா?”

பெரும்பாலும் போகாது என்றேன். உளியோ அச்சோ வைத்து அடிக்கும்போது மேலே பள்ளம் விழுவதோடு அடியில் உள்ள இரும்பும் இறுகிவிடுகிறது. பள்ளத்தைத் தேய்த்து எடுத்தாலும் இறுகிய இடம் உள்ளே இருக்கும். சரியான அமிலம் பட்டால் அந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் அரிக்கும். அடையாளம் சில நிமிடம் தெரியும். மேலும் அரித்தால் மறைந்துவிடும். ஒரே ஒரு தடவைதான். புத்தகத்தில் படித்திருந்தேன், செய்ததில்லை. அதையும் சொன்னேன்.

அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவருடைய அக்கா செல்லத்தாய். அக்காவின் கணவர் முத்தையா பதினொரு வருடத்துக்கு முன்னால் மேகமலைக்கு ஏலக்காட்டு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. எஸ்டேட்டில் கேட்டால் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். இப்போது சின்னமனூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் அவருடைய வாக்கத்தி கிடைத்திருக்கிறது. காடு வெட்டுகிறவர்கள் வைத்திருக்கும், முழங்கை நீளத்தில் நுனி வளைந்த கத்தி அது. முத்தையா இடது கைக்காரர். அவருக்காகத் தீட்டுச் சரிவை மறுபக்கம் வைத்து அடித்த கத்தி. அந்த வட்டாரத்தில் அப்படி இன்னொன்று கிடையாது. ஆகவே அது யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் புள்ளியில்.

கோம்பையில் இருந்த ஆசாரி ஒருவர், ஒவ்வொரு தடவை தேய்ந்த வாயில் புது எஃகு வைத்து அடிக்கும்போதும் கத்தியின் முதுகோரம் ஒரு புள்ளி குத்துவார். எத்தனை புள்ளியோ அத்தனை தடவை அந்தக் கத்தி அவர் உலைக்கு வந்திருக்கிறது. முத்தையா மலைக்குப் போனபோது ஐந்து புள்ளி. ஐந்தாவதுக்குக் கத்தியைச் சுமந்துபோனவர் செல்லத்தாயேதான். கடையில் கிடைத்த கத்தியில் புள்ளி இருந்த இடம் மழமழவென்று தேய்க்கப்பட்டிருந்தது.

“அஞ்சுன்னா, போனவுக போன எடத்துலேயே முடிஞ்சு போனாகன்னு வச்சுக்கிரும் எங்கக்கா,” என்றார் தங்கராசு. “ஆறுன்னா, போனதுக்குப் பெறகு ஊருக்கு வந்து, ஆசாரிகிட்ட கத்திய அடிச்சு வாங்கிக்கிட்டு, நாலு தெரு தள்ளி இருக்கிற வீட்ட எட்டிப் பாக்காமப் போயிருக்காக.”

வேறு யாராவது கொண்டுவந்து அடித்திருக்கலாமே என்றேன்.

“கை மாறுன கத்தின்னா ஆசாரி பழசையெல்லாம் அழிச்சுட்டு ஒண்ணுலருந்து ஆரம்பிப்பாரு சார். அவரக் கேக்கலாம்னா செத்து மூணு வருசமாச்சு.”

தை மாதம் செல்லத்தாயின் மகளுக்குக் கல்யாணம். உத்தமபாளையத்து அச்சகத்தில் பத்திரிகை ஒரு சொல்லுக்காக நின்றுகொண்டிருந்தது. மணமகளின் தந்தை பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவதா, வேண்டாமா? அந்தத் தாய் மணமேடைக்குத் தாலியோடு வருவதா, ஓரமாக நிற்பதா? இதற்குத்தான் நான் போனேன். கத்தியை மதுரைக்கு அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை 6.10 வண்டியில் மதுரையில் ஏறினோம். தேனி 76 கிலோமீட்டர், கட்டணம் 4 ரூபாய் 20 காசு, போய்ச் சேர்ந்தது 8.25. அங்கே ஒரு டீ. 8.50க்கு உத்தமபாளையம் வண்டி, 1 ரூபாய் 80 காசு. பிறகு கோம்பைக்கு எட்டு கிலோமீட்டர், நாற்பத்தைந்து காசு. இன்றைய கட்டணம் எனக்குத் தெரியாது; தூரம் மாறியிருக்காது என்று நினைக்கிறேன்.

மடியில் மரப்பெட்டி. உள்ளே மரத்தூளில் பதித்து, கண்ணாடி மூடி போட்ட புட்டியில் உப்பு அமிலம். கக்கூஸ் கழுவ விற்பார்களே, அதே சரக்குதான், கொஞ்சம் சுத்தமானது. அதோடு உப்புத்தாள் மூன்று நம்பர், பஞ்சு, ஆப்பசோடா, பூதக்கண்ணாடி. தேனி தாண்டியதும் கண்டக்டர் கேட்டார்.

“பெட்டில என்ன சார்?”

“மருந்து.”

“யாருக்கு முடியல?”

பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். பக்கத்துச் சீட்டுக்காரர் காப்பாற்றினார். “விடுப்பா, பொண்டாட்டியக்கூட இப்பிடி அணைச்சுக் கூட்டிட்டு வந்தவுகளப் பாத்ததில்ல நான்.”

வண்டியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

வீரபாண்டி தாண்டியதும் பனி. வயலும் வாய்க்காலும் இல்லை, மலையும் இல்லை. சின்னமனூரில் ஒரு நிமிடம் கிழக்கே பனி கிழிந்து மேகமலையின் நடுப்பகுதி மட்டும் தெரிந்தது. அடியும் இல்லாமல் உச்சியும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. “அங்கனதான்,” என்றார் தங்கராசு. அவர் சொல்லி முடிப்பதற்குள் மூடிக்கொண்டது.

கோம்பையில் இறங்கியபோது 10.20. டீக்கடைக்காரருக்கு நான் வரும் விஷயம் முன்பே தெரிந்திருந்தது. காலடியில் படுத்திருந்த செவலை நாயைப் பார்த்து, இதுதான் பேர்போன கோம்பை ஜாதி நாயா என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

“கோம்பையில படுத்துருக்கு, நாயாவும் இருக்கு. அதுக்கு மேல கேக்காதீக,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சார், படிச்சவுக, நான் சொல்லக்கூடாது. கை மாறுன கத்தியில பழைய புள்ளிய ஏன் தேய்க்கிறாகன்னு தெரியுமா? புள்ளி இருந்தா பழைய ஆளோட கையும் கூடவே வரும். நீங்க அத எழுப்புறேங்கிறீக.”

வீட்டுக்குப் போய் அதே வார்த்தையைச் செல்லத்தாயிடம் தங்கராசு சொன்னபோது, அந்த அம்மாள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “வந்தா வரட்டும். பதினோரு வருசமா வராத கை.”

நாற்பது வயதிருக்கும். கூலிக்கும் போய், முப்பது சென்ட் திராட்சைத் தோட்டமும் பார்த்து மகளை வளர்த்தவர். வீட்டுச் சுவரில் ஓர் ஆணி. அதன் கீழே வாக்கத்தியின் உருவம் பழுப்பாக இருந்தது. வருடக்கணக்கில் துருவும் எண்ணெயும் இறங்கிய கறை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த உருவத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். பதினொரு பூச்சு ஏறி ஏறி அந்த இடம் சுவருக்குள் பள்ளமாக இறங்கியிருந்தது. கத்தியை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்துக் காட்டினார். பிடி பொருந்தியது, முதுகு பொருந்தியது. வாய்ப்பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை குறைந்து, அதன் ஓரமாக இருட்டு ஒரு கீற்றாகத் தெரிந்தது.

“தேஞ்சிருக்கு,” என்றேன்.

“ஆரோ வெட்டியிருக்காக,” என்றார்.

தோட்டத்துக்குப் போனோம். கொடிகளுக்கு முந்தின நாள்தான் மருந்தடித்திருந்தார்கள்: மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட்டும் சுண்ணாம்பும். இலை, கல்தூண், கம்பி, மண், மோட்டார் ரூம் சுவர் எல்லாம் நீலம். பனிக்குள் வெயில் ஏறாமல் அந்த நீலம் தன் வெளிச்சத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. பறவைச் சத்தம் இல்லை.

மயில்துத்தத்தை அங்கேயே வாங்கிக்கொண்டேன். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி மயில்துத்தம், இரண்டு கரண்டி உப்பு. கரைந்த பிறகு அமிலத்தைச் சிறுகச் சிறுக விட்டேன். நீலம் பச்சையானது. முதலில் ஒரு பழைய களைக்கொத்தில் சோதித்தேன். பஞ்சால் தொட்டதும் இரும்பு செக்கச்செவேலென்று ஆனது. அந்த அம்மாள் பார்த்துவிட்டார் என்று பதறிப்போனேன்.

“ரத்தம் இல்லம்மா, பயப்படாதீங்க. செம்பு. கரைசலில் இருக்கிற செம்பு இரும்பு மேல...”

“மயில்துத்தம் பட்டா இரும்பு செவக்கும்னு இந்தத் தோட்டத்துக் கோழிக்குக்கூடத் தெரியும் சார்,” என்றார் செல்லத்தாய். “எத்தன வாளி ஓட்டையாப் போயிருக்கு. இதுக்கு மதுரையில படிக்கவேற செய்யணுமோ?”

தங்கராசு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

உப்புத்தாளால் தேய்த்த இடத்தை மேலும் மெருகேற்றினேன். கண்ணாடிபோல் ஆனது, ஒன்றுமே இல்லை. கத்தியை மோட்டார் ரூம் வாசல் கல்லில் வைத்தேன். அமிலம் தொடும் முன் அந்த அம்மாள் எழுந்து, எனக்கு முதுகைக் காட்டி, மேகமலை இருக்கவேண்டிய திசையைப் பார்த்து நின்றார்.

“நான் பாக்க மாட்டேன். நான் எண்ணுனா நாலும் தெரியும், எட்டும் தெரியும். ஒங்களுக்கு அவுக ஆரோ எவரோ. நீங்க எண்ணிச் சொல்லுங்க. அதத்தான் அச்சாபீசுல போடச் சொல்லுவேன்.”

பஞ்சை நனைத்தேன். துடைக்கச் சிவந்தது, ஈரத்துணியால் செம்பை எடுத்தேன், மறுபடி அமிலம், மறுபடி துணி. கைக்கடிகாரத்தை எதிரே வைத்திருந்தேன். நான்கு நிமிடம் ஒன்றுமில்லை. ஐந்தாவது நிமிடம், பிடிக்கு அருகே, வெறும் இரும்பில், ஒரு கண் திறந்தது. அதைவிட நல்ல சொல் என்னிடம் இல்லை. உளுந்து அளவு கறுப்பு. சுற்றிலும் வெளிறிய வளையம். தங்கராசு என் தோளுக்கு மேலே மூச்சுவிடாமல் நின்றார். ஒரு விரற்கடை தள்ளி இரண்டாவது. மூன்றாவது உடனே வந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் தலை தூக்கிப் பார்ப்பதுபோல் இருந்தது. அவசரத்தில் அமிலம் சிந்தி, வேட்டியில் இரண்டு ஓட்டை விழுந்தது. வீட்டுக்கு வந்துதான் கண்டுபிடித்தேன்.

நான்காவது வந்ததும் தண்ணீர் தீர்ந்தது. தங்கராசு வாளியோடு கிணற்றுக்கு ஓடினார். ஐந்தாவதைப் பார்த்தவன் நான் மட்டும். துடைத்தேன். பூதக்கண்ணாடியை எடுத்தேன். இன்னொரு தடவை துடைத்தேன்.

“எண்ணுறதுக்கு இம்புட்டு நேரமா?” என்றார் அந்த அம்மாள், திரும்பாமல்.

“அஞ்சு,” என்றேன்.

தங்கராசு வாளியோடு வந்தபோது கல்லின் மேல் கிடந்தது வெறும் சாம்பல் நிற இரும்பு. புள்ளிகள் மறைந்துவிட்டன, புத்தகத்தில் சொன்னபடியே. நான் ஆப்பசோடா தூவிக் கத்தியைக் கழுவினேன். செல்லத்தாய் அதை வாங்கி முந்தானையில் துடைத்தார். அழவில்லை.

“ஏலே தங்கராசு, அச்சாபீசு எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும்?”

“ஒரு மணிக்குச் சாத்திருவான்க்கா.”

“அப்ப சாருக்குச் சோத்தப் போட்டுட்டு ஓடு.”

மதியம் 2.15க்குக் கோம்பையில் வண்டி ஏறினேன். மதுரை வந்தபோது மணி 6.40.

தை மாதம் பத்திரிகை வந்தது. ‘காலஞ்சென்ற’ என்று அச்சாகியிருந்தது. கல்யாணத்துக்குப் போனேன். செல்லத்தாய் வெறுங்கழுத்தோடு தூணோரம் நின்றார். அவருடைய சித்திதான் தாய் இடத்தில் நின்று எல்லாம் செய்தார். அட்சதை தூவும்போது கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ ஒருவர் இடது கையால் தூவினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவருடைய வலது கையில் குழந்தை இருந்தது, அவ்வளவுதான்.

இனி யோசனைகள். கோம்பைக்குப் போவதென்றால் மார்கழி, தையில் போங்கள்; காலையில் பனிக்கு முழுக்கைச் சட்டை வேண்டும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் பாதை அந்த நாளில் ஜீப்புக்கே கஷ்டம்; இப்போதைய நிலையை உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தடித்த திராட்சையைக் கழுவாமல் வாயில் போடாதீர்கள். பேருந்தில் அமிலம் கொண்டுபோகாதீர்கள். நான் செய்தது சட்டப்படியும் தவறு, மடியில் வைத்திருந்தது முட்டாள்தனம்.

கத்தி செய்கிறவர்கள் வினிகரிலும் எலுமிச்சையிலும் தொடங்குங்கள். அழகான சாம்பல் நிறத்துக்கு அது போதும். கடும் அமிலம் என்றால் வெட்டவெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டு, தண்ணீரில்தான் அமிலத்தை விடவேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் ஆப்பசோடா, தண்ணீர், எண்ணெய். அமிலப் புட்டி இருக்கும் அறையில் கத்தியை வைத்தால் மூடி போட்டிருந்தாலும் துருப்பிடிக்கும். அழிந்த அடையாளத்தை எழுப்புவதாக இருந்தால் ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. இரண்டு பேர் பாருங்கள். இரண்டு பேரும் எண்ணுங்கள்.

அரித்த இரும்பில் துருக்குழியும் குத்திய புள்ளியும் ஒன்றுபோலத் தெரியலாம். துருக்குழியின் ஓரம் கிழிந்திருக்கும், வளையம் இருக்காது. குத்திய புள்ளிக்கு வெளிறிய வளையம் உண்டு. மதுரைக்குத் திரும்பிய பிறகு நானே இரும்புத் துண்டுகளில் புள்ளி குத்தி, தேய்த்து அழித்து, அமிலம் வைத்து எழுப்பிப் பார்த்தேன். வேண்டுமென்று துருப்பிடிக்க வைத்தும் பார்த்தேன். ஒரு நோட்டு நிறையக் குறிப்பு இருக்கிறது. ஒரு தடவைகூடத் துருக்குழியைச் சுற்றி வளையம் வரவில்லை.

போன ஐப்பசியில் தங்கராசு போனில் கூப்பிட்டார். செல்லத்தாய் காலமாகிப் பதினாறாம் நாள் முடிந்தது என்றார். கடைசி வரைக்கும் நினைவு நன்றாக இருந்ததாம்.

“ஒங்களக்கூடக் கேட்டுச்சு சார். ‘அந்தச் சார் இன்னமும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்காகளா’ன்னு. என்னமோ வெளையாட்டுப் பேச்சு,” என்று சிரித்தார்.

மேலே பட்டியலில் நான்காவதாக எழுதியதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அந்த அம்மாளிடம் சொன்ன அதே எண்ணிக்கை அது. ஐந்தாவதுக்கு ஒரு விரற்கடை தள்ளி இன்னொன்று வந்தது, வளையத்தோடு. துருக்குழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கராசு கிணற்றிலிருந்து திரும்புவதற்குள் எல்லாம் மங்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தேன்.

நான்காவது வரி தவறு. ஆறு.